குணம் அண்ணையின் முகத்தை எடுத்த மகனுக்கு

நீ அனுப்பிய தாளில் நான் கையெழுத்து வாங்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த ஒரு செய்திக்காக நீ கடைசிப் பக்கம் வரை தேடவேண்டியதில்லை. தாள் என் கைப்பையில் மடித்தபடியே இருக்கிறது. தவமணி அக்காவின் முன்னால் அதை விரித்து வைத்திருந்தால் ஒரு நிமிடத்தில் வேலை முடிந்திருக்கும். அவ்வளவு சுலபமாக முடியும் என்பதால்தான் வைக்கவில்லை. நீ புத்தக வேலையாக ஒரு மாதம் வெளிநாடு போயிருப்பதால் இதைத் தொலைபேசியில் சொல்லப் பார்த்தேன். நீ பிரெஞ்சில் வேகமாகப் பேசுகிறாய், நான் தமிழில் கோபப்படுகிறேன், இரண்டுக்கும் நடுவில் விசயம் காணாமல் போய்விடுகிறது. அதனால் எழுதுகிறேன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு உன்னை இழுத்துக்கொண்டு போனதில் கிடைத்த ஒரே பலன், நீ தமிழை மெதுவாகவாவது வாசிப்பாய் என்பதுதான். மெதுவாகவே வாசி.

உனக்கு மட்டும் அனுப்பாமல் எல்லோரும் வாசிக்கும்படி எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. நீ செய்தது நம் வீட்டுக்குள் நடந்த விசயமில்லை. பரிஸில் நம் கடைகள் இருக்கிற ரூ பெர்தொனே தெருவில் மரக்கறி விற்கிறவர் முதல் நகைக்கடையில் நிற்கிற பிள்ளை வரை எல்லோரிடமும் இதைப் பற்றி ஒரு கதை இருக்கிறது. உன்னைத் திட்டுகிறவர்கள் சொல்வதும் பொய், உன்னைக் காப்பாற்ற என் சிநேகிதிகள் சொல்வதும் பொய். இரண்டையும் கேட்டுக் களைத்துவிட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். சம்பந்தப்பட்டவர்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். உன் பெயரைப் போடவேயில்லை.

ஸ்டூடியோவில் நான் செய்யும் வேலை உனக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கலியாணம், பெண்பிள்ளை பெரியவளானதற்குச் செய்யும் சாமத்தியவீடு, பிறந்தநாள் எல்லாவற்றுக்கும் போய்ப் படம் எடுப்பவர் முதலாளி. எடுத்த முகங்கள் எல்லாம் என் கணினிக்கு வரும். பருவை அழிப்பேன், வயிற்றை உள்ளே தள்ளுவேன், பின்னால் நிற்கும் குப்பைத் தொட்டியை எடுத்துவிட்டு அங்கே நியூயோர்க் பாலத்தை வைப்பேன். நம் சனத்துக்கு அமெரிக்கா என்றால் அல்பத்தில் பின்னால் நிற்கிற ஒரு திரை. உனக்குப் பதினான்கு வயதிருக்கும்போது ஒரு அன்ரி தன் மகளின் சாமத்தியவீட்டுப் படத்தில் சுதந்திரதேவி சிலையை வைக்கச் சொன்னார். அதே சிலை பரிஸிலும் ஆற்றின் நடுவில் நிற்கிறது என்று நீ சொன்னாய். அவர் உன்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இஞ்சை இருக்கிறது சின்னன் தம்பி, எங்களுக்குப் பெரிசு வேணும்" என்றார். நாம் இருவரும் அதைச் சொல்லிச் சொல்லி ஒரு கிழமை சிரித்தோம். பாலமும் சிலையும் பரவாயில்லை. எனக்குப் பிடிக்காதது மற்ற வேலை. "பிள்ளையைக் கொஞ்சம் வெளிச்சமாக்கி விடுங்கோ" என்பார்கள். வெளிச்சம் என்றால் வெள்ளை. கொஞ்சமும் வெட்கப்படாமல் கேட்பார்கள், நானும் மறுக்காமல் செய்வேன். அதுதான் என் சம்பளம்.

செத்தவர்களின் படங்களும் என்னிடம்தான் வரும். இங்கே முதலில் வந்து சேர்ந்த ஆண்களில் பாதிப் பேருக்கு ஒழுங்கான படம் கிடையாது. வதிவிட அட்டையில் ஒட்டிய சின்னப் படம் இருக்கும், இல்லையென்றால் யாருடைய கலியாணத்திலோ சோற்றுக் கோப்பையோடு ஒரு மூலையில் நிற்பது இருக்கும். அதிலிருந்து தலையை மட்டும் வெட்டியெடுத்து, கோட்டுப் போட்ட ஒரு உடம்பின்மேல் வைத்து, பின்னால் நீலவானம் போட்டுக் கொடுப்பேன். குணம் அண்ணை இறந்தபோது அவருடைய மனைவி தவமணி அக்கா வந்து எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தார். எல்லாக் கோட்டையும் காட்டினேன். ஒன்றும் பிடிக்கவில்லை. "கழுத்து வரைக்கும் பொத்தான் பூட்டினதாப் போடு பிள்ளை" என்றார். வாழ்நாள் முழுக்க உணவகத்தின் பின்பக்கத்தில் கோப்பை கழுவிய மனிதருக்கு இந்த எடுப்பு எதற்கு என்று மனதுக்குள் நினைத்தேன். நினைத்ததை வெளியில் காட்டாமல் பூட்டிய கோட்டைப் போட்டுக் கொடுத்தேன். அந்தப் படமும், அதற்கு முன் நான் கைவைக்காத மூலப் படமும் ஸ்டூடியோ கணினியில் கிடந்தன. நீ அங்கிருந்துதான் எடுத்தாய்.

உன் புத்தகத்தைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் அது நல்ல புத்தகம். இதை நான் தாயாகச் சொல்லவில்லை. நாள் முழுக்கப் படத்தோடு இருக்கிறவளாகச் சொல்கிறேன். பிரெஞ்சுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அமெரிக்க வரலாற்றைப் பழைய புகைப்படங்களை வைத்துச் சொல்லி, புகைப்படம் சொல்லாமல் விட்டதை உன் கையால் வரைந்து காட்டுவது. அந்த யோசனையை நீ முதலில் சொன்னபோது நான் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். அகப்பையைக் கையில் பிடித்தபடியே நின்று கேட்டேன். அன்றிலிருந்து நம் சாப்பாட்டு மேசை அமெரிக்காவாகிவிட்டது. ரயில்பாதை இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து சந்தித்த நாளில் எடுத்த படத்தைக் காட்டினாய். மலையைக் குடைந்து பாதை போட்ட சீனர்கள் அந்தக் கூட்டத்தில் எங்கே என்று கேட்டேன். "அதுதான் அம்மா கேள்வி" என்றாய். பூர்வகுடிப் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டுபோய்ப் பள்ளியில் அடைத்து, 'முன்', 'பின்' என்று இரண்டு படம் எடுத்ததைக் காட்டினாய். பின் படத்தில் பிள்ளைகள் வெள்ளையாக இருக்கிறார்கள். தலைமயிரை வெட்டிச் சட்டை மாற்றியது மட்டுமில்லை, வெளிச்சத்தையும் மாற்றியிருக்கிறார்கள் என்றேன். நீ என்னைப் பார்த்து, பிரெஞ்சில், "நீங்கள் செய்கிற அதே வேலை" என்றாய். எனக்குச் சுட்டது. கோப்பைகளை எடுத்துக்கொண்டு போனேன்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஜப்பானிய அமெரிக்கர்களைக் குடும்பம் குடும்பமாக முகாமுக்குக் கொண்டுபோன படங்களை ஒருநாள் பரப்பினாய். கோட்டில் இலக்கத் துண்டு கட்டிய சின்னப் பிள்ளைகள், பெட்டிகளுக்கு மேல் இருந்துகொண்டு. முகாமின் முள்ளுக்கம்பியும் காவல்கோபுரமும் படத்தில் விழக்கூடாது என்று படம் எடுத்தவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்ததாம். உனக்கு அது புதுச் செய்தி. எனக்கில்லை. உன் மாமா வன்னியிலிருந்து வந்து முகாமில் அடைபட்டிருந்தபோது, பத்திரிகையில் வந்த படங்களில் தண்ணீர்த் தாங்கி இருந்தது, வரிசையாகக் கூடாரங்கள் இருந்தன, பிள்ளைகள் சிரித்தார்கள். கம்பி இல்லை. நான் அந்தப் படங்களைக் கணினியில் பெருப்பித்துப் பெருப்பித்து அவருடைய முகத்தைத் தேடினேன். அதை அன்றுதான் உனக்குச் சொன்னேன். அடுத்த நாள் நீ அந்த முகாம் பக்கத்தைத் திரும்ப வரைந்தாய், கம்பியை முன்னால் வைத்து, பார்க்கிறவனின் கண்ணுக்கு நேரே. அந்தப் பக்கத்தைப் பார்த்தபோது, இவனை நான் சும்மா பெறவில்லை என்று நினைத்தேன்.

இன்னொன்றும் அந்த மேசையில் நடந்தது. பூர்வகுடிகளின் நிலத்தை எடுக்கும் ஒப்பந்தப் பக்கம். வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதிய தாளை வைத்து, அவர்களிடம் ஒரு புள்ளடி போடவைத்து வாங்கிய காட்டையும் ஆற்றையும் பற்றியது. அதிகாரியின் விரல் 'இங்கே போடு' என்று காட்டவேண்டும், அந்த விரல் உனக்குச் சரியாக வரவில்லை. "அம்மா, தவமணி அன்ரிக்குத் தாள் நிரப்பேக்க காட்டுவியளே, அப்பிடி விரலை வையுங்கோ" என்றாய். மின்சாரக் கட்டணத் தாள் ஒன்றின்மேல் விரலை வைத்தேன். நீ படம் எடுத்து வரைந்தாய். கையின் நிறத்தை மட்டும் மாற்றினாய். நகம் என்னுடையது. இருவரும் அதைப் பெரிய பகிடியாக எடுத்துக்கொண்டோம்.

பிறகு அந்தச் சனிக்கிழமை. மத்தியானம், ஸ்டூடியோவில் இரண்டு கலியாணவீட்டுக்காரர்கள் அல்பம் பார்க்கக் காத்திருந்தார்கள். தவமணி அக்காவின் மருமகன் றஞ்சன், பரிஸுக்கு வெளியே அவர்கள் இருக்கும் ஓல்னே-சூ-புவாவிலிருந்து வந்து, தொலைபேசியை என் முகத்துக்கு நேரே பிடித்தான். பதிப்பகம் முன்னோட்டமாக இணையத்தில் வெளியிட்ட உன் பக்கம் ஒன்று. அடிமைச் சந்தை. மேடையில் சட்டையில்லாமல் ஒரு கறுப்பு மனிதர் நிற்கிறார். தொப்பி போட்ட ஒருவன் அவருடைய வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிறான். மேடையில் நிற்பவர் குணம் அண்ணை.

"அக்கா, இது ஆர்?"

காத்திருந்தவர்களில் ஒரு மாமி எட்டிப் பார்த்து, "மூக்கு அவர்ர மூக்குத்தான்" என்றார்.

"என்ர மாமாவை உங்கட மகன் காப்பிலியாக்கி வித்துக்கொண்டிருக்கிறான். கனடாவில இருந்தெல்லாம் எடுத்துக் கேக்கினம், குணம் ஏன் கறுவலா நிக்கிறார் எண்டு."

"றஞ்சன், அடிமையாக்கினது கோபமோ, கறுப்பாக்கினது கோபமோ?"

"ரெண்டும்தான்."

"எது கூட?"

"விசர்க் கதை கதையாதேங்கோ அக்கா."

"உங்கட மாமா இஞ்சை வந்த நேரம் ஸ்டாலின்கிராட் மெத்ரோவுக்குப் பக்கத்தில ஆரோட ஒரு அறையில படுத்தவர்? ஆபிரிக்காவில இருந்து வந்த மாலிக்காரரோட. முதல் வேலை எடுத்துக் குடுத்ததும் அவங்கள்தான். செத்தவீட்டுக்கு வந்து பின்னுக்கு நிண்டு அழுதாங்கள். நீங்கள் அவங்களுக்கு ஒரு தேத்தண்ணி குடுக்கேல்லை."

"அது வேற கதை."

"அதே கதைதான்."

அவன் கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போனான். எனக்கு வென்ற மாதிரி இருந்தது. லா சப்பல் மெத்ரோப் படியில், மலிவு சிகரெட் விற்கிற ஆபிரிக்கப் பையன்களுக்கு நடுவில் ஏறிக்கொண்டிருந்தபோதுதான், நான் எதை வென்றேன் என்று யோசித்தேன். றஞ்சனின் கோபம் அசிங்கமானது. அதில் மாற்றமில்லை. அந்தப் படியில் நிற்கிற பையன்களைப் பற்றி நம் கடைக்காரர்கள் பேசுவதையும், தாங்கள் அதே படியில் அதேபோல் நின்றதை மறந்ததையும் நினைத்தால் எனக்குக் கோபம் வரும். ஆனால் அவனுடைய அசிங்கத்தைக் காட்டிக் காட்டி, நான் உன்னுடையதை மூடிவிட்டேன். அந்த முகத்தை யாரிடம் கேட்டு எடுத்தாய்? என்னிடமும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் ஓம் என்று சொல்லியிருப்பேன் என்று பயமாக இருக்கிறது. அப்படிச் சொல்லியிருந்தாலும் அது என் முகமில்லையே. முதலாளி என்னோடு சண்டை பிடிக்கவில்லை. கணினியின் பாஸ்வேர்டை மட்டும் மாற்றிவிட்டார். இப்போது ஒவ்வொரு காலையும் அவர் வந்து என் தோளுக்கு மேலால் குனிந்து அதைத் தட்டுகிறார், நான் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டிருக்கிறேன்.

அன்று நீ தொலைபேசியில் சொன்னதை மறந்திருப்பாய். பெரிய பிரச்சினை இல்லை, பதிப்பகத்தின் வழக்கறிஞருக்கு ஒரே ஒரு அனுமதித் தாள் போதும், அச்சகம் காத்திருக்கிறது, இந்தப் பக்கம் நின்றால் புத்தகம் நிற்கும் என்றாய். பிறகு, "நீங்கள் எதைக் கொடுத்தாலும் தவமணி அன்ரி கையெழுத்து வைப்பார்தானே" என்றாய். பிரெஞ்சில் கேட்டபோது அது சாதாரணமாகத்தான் இருந்தது. இப்போது தமிழில் எழுதிப் பார்க்கிறேன், கூசுகிறது. நீ சொன்னது உண்மை. தவமணி அக்காவுக்கு வரும் ஒவ்வொரு பிரெஞ்சுத் தாளையும் நான்தான் நிரப்புகிறேன். நான் விரல் வைத்த இடத்தில் வட்ட வட்டமான தமிழ் எழுத்தில் பெயரைப் போடுவார். என்னவென்று கேட்டதே இல்லை. அதை நம்பிக்கை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். உன் ஒப்பந்தப் பக்கத்தை நீயே எடுத்து ஒருமுறை பார். அந்த விரல் யாருடையது என்று உனக்குத் தெரியும். வரையும்போது அதை அவ்வளவு சரியாக விளங்கிக்கொண்ட நீ, உன்னுடைய அலுவலுக்கு அதே விரலைக் கேட்கிறாய்.

ஞாயிற்றுக்கிழமை ஓல்னேக்குப் போனேன். கதவைத் திறந்த றஞ்சன் என்னோடு கதைக்காமல் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பார்க்குக்குப் போய்விட்டான். தவமணி அக்கா குசினியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் பையைத் திறக்கவும் இல்லை, அதற்குள் அவர் கையைத் துடைத்துக்கொண்டு குளிர்சாதனப் பெட்டிக்கு மேலிருந்து பேனையை எடுத்தார்.

"பிரிபெக்தூர்க் கந்தோர்த் தாளோ பிள்ளை? எங்கை வைக்கிறது?"

"கையெழுத்துக்கு இல்லை அக்கா. ஒரு படம் பாக்கவேணும் நீங்கள்."

"உவன் றஞ்சன் போனில காட்டினவன். சின்னனாக் கிடந்தது, ஒண்டும் தெரியேல்லை."

பெரிதாக அச்சடித்துக் கொண்டுபோயிருந்தேன். கீரையைத் தள்ளிவிட்டு மேசையில் விரித்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"தொப்பிக்காரர் ஆர்?"

"வாங்க வந்தவை."

"வாயை ஏன் பிடிச்சிருக்கிறான்?"

"பல்லுப் பாக்கிறான் அக்கா. வயசும் பலமும் தெரியுமெண்டு."

"இந்தச் சனத்தின்ர பேர் ஒண்டும் தெரியாதோ?"

"கன பேரின்ர தெரியாது. படமும் இல்லை. அதாலதான் என்ர மகன் முகம் தேடினவன்."

"அதுக்கு இவர்தான் கிடைச்சவரோ." பேனையை மேசையில் வைத்தார். "கேட்டிருக்கலாம்."

"ஓம் அக்கா."

"படம் நல்லாக் கீறியிருக்கிறான். இந்த நெத்தியைப் பார். யோசிச்சா இப்பிடித்தான் சுருக்குவார். நீ செய்து தந்த படத்தில இது இல்லை, நீ எல்லாத்தையும் அழிச்சுப்போட்டாய்." அவருடைய விரல் நெற்றியிலிருந்து இறங்கி, தோளில் நின்றது. "ஆனா சேட்டைக் கழட்டிப்போட்டான்."

"அந்தக் காலத்தில அப்பிடித்தான் நிப்பாட்டினவை அக்கா."

"தெரியுது. அவரையும் நிப்பாட்டினவை."

அவர் சொன்னதை அவருடைய அனுமதியோடு எழுதுகிறேன். குணம் அண்ணை அகதி வழக்குப் போட்ட காலம். இராணுவம் அவருக்குச் செய்ததற்கு அத்தாட்சி வேண்டும் என்று சொல்லி, ஒரு வைத்தியரிடம் அனுப்பியிருக்கிறார்கள். சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். தழும்புகளைப் படம் எடுத்தார்கள். முன்னால் ஒன்று, திரும்பச் சொல்லிப் பின்னால் ஒன்று, கையைத் தூக்கச் சொல்லி ஒன்று. "அவை நல்ல மனுசர்தானாம். இருக்கச் சொல்லித் தண்ணியும் குடுத்தவையாம். அந்தப் படத்தாலதான் வதிவிடக் கார்த்தும் கிடைச்சது, நானும் வந்து சேர்ந்தனான், இந்தப் பிள்ளையளும். குறை சொல்லேலாது. ஆனா அதுக்குப் பிறகு அந்த மனுசன் சேட்டில்லாமல் இருந்ததைப் பிள்ளையள் கண்டதில்லை. ஆகஸ்ட் வெக்கையிலயும் பூட்டிக்கொண்டுதான் இருப்பார். கடலுக்குப் போனாலும் அப்பிடியே தண்ணிக்குள்ள இறங்குவார், எல்லாரும் சிரிப்பினம். செத்த பிறகெண்டாலும் ஒழுங்காப் பூட்டி விடுவமெண்டுதான் உன்னட்டைச் சொன்னனான்."

மகன், நீ இதை அறிந்திருக்க வழியில்லை. எனக்கும் தெரியாது. ஆனால் தெரியாது என்பது ஒரு நியாயமில்லை, கேட்காததால்தான் தெரியவில்லை. உன் புத்தகத்திலேயே ஒரு பக்கம் இருக்கிறது. ஒரு பேராசிரியர் தன் ஆராய்ச்சிக்காக அடிமைகளின் சட்டையைக் கழற்றவைத்து, முன்னாலும் பின்னாலும் படம் எடுப்பித்ததைப் பற்றி. அந்தப் பக்கத்தில் நீ அவர்களை வரையவேயில்லை. கமராவையும் அதற்குப் பின்னால் நிற்கிறவனையும் மட்டும் வரைந்தாய். இவர்களிடம் யாரும் கேட்கவில்லை, அதனால் நானும் காட்டமாட்டேன் என்று கீழே எழுதினாய். அதைப் படித்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. அடுத்த பக்கத்தைத் திருப்பினால் குணம் அண்ணை நிற்கிறார், யாரும் கேட்காமல். நூற்றைம்பது வருசத்துக்கு முன்னால் செத்த, நீ கண்டேயிராத கறுப்பு மனிதரிடம் நீ காட்டிய மரியாதையை, உனக்குச் சின்ன வயதில் தோளில் தட்டிச் சொக்லா வாங்கித் தந்தவரிடம் காட்டவில்லை. ஏன் என்று யோசித்துப் பார்த்தேன். அவர் நம் தெருக்காரர். நமக்குக் கீழே என்று நாம் வைத்திருக்கிற ஒருவர். கோட்டை மாட்டிவிட்டாலும் நமக்குத்தான் சொந்தம், கழற்றிவிட்டாலும் நமக்குத்தான் சொந்தம் என்று நானும் நீயும் நினைத்திருக்கிறோம். இதில் நான் உன்னைவிட நல்லவள் இல்லை.

கறுப்பாக வரைந்ததில் வருத்தமா என்று அக்காவிடம் நேராகக் கேட்டேன். கேட்காமல் வரமுடியவில்லை. "அது றஞ்சன்ர கதை. எனக்கு அது இல்லை" என்றார். பிறகு கீரையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "கொஞ்சம் இருக்குத்தான். ஏன் பொய் சொல்லுவான்" என்றார். நம் சனத்தில் ஒருவர் இதைப் பற்றி உண்மை பேசியதை நான் முதலில் கேட்டது அன்றுதான். அவர் மேல் எனக்குக் கோபமும் வந்தது, மரியாதையும் வந்தது. இரண்டும் இப்போதும் இருக்கின்றன.

கடைசியாக உன்னைப் பற்றிக் கேட்டார். எப்போது வருவாய் என்றார். தாள் ஒன்று இருக்கிறது, அதற்காகத்தான் உண்மையில் என்னை அனுப்பினாய் என்று அப்போது சொன்னேன். அதைக் கொண்டா என்றோ, கொண்டுபோ என்றோ சொல்லவில்லை. "உன்ர கையால தந்தா நான் வைச்சுப்போடுவன் பிள்ளை. அதனால நீ தராதை. அவன் வந்து கேக்கட்டும்."

"கேட்டா என்ன சொல்லுவியள் அக்கா?"

"இல்லை எண்டுதான்."

"பிறகேன் வரவேணும்?"

"வந்து கேட்டாத்தானே நான் இல்லை எண்டு சொல்லலாம்."

இனி நீ சொல்லப்போவது எனக்குத் தெரியும். அவரை நீ மதிப்போடுதான் வரைந்தாய் என்பாய். ஓம், மதிப்பாகத்தான் இருக்கிறது. அந்தப் படத்தில் எனக்குப் பிடிக்காத கோடு ஒன்றுமில்லை. ஒரு உண்மையைச் சொல்ல ஒரு முகம் வேண்டியிருந்தது என்பாய். முகாமில் சிரித்த பிள்ளைகளின் படத்தை எடுத்தவர்களுக்கும் ஏதோ ஒன்று வேண்டித்தான் இருந்தது. இது என் முதல் புத்தகம் என்பாய். மூன்று வருசம் நீ குனிந்திருந்ததைப் பார்த்தவள் நான். அச்சகம் இன்னொருவருடைய புத்தகத்துக்குப் போய்விடலாம். பதிப்பகம் உன்னை மறந்துவிடலாம். நம்மைப் போன்றவர்களின் பிள்ளைகளுக்கு இங்கே கதவு எத்தனை முறை திறக்கிறது என்று எனக்குத் தெரியும். அந்தக் கதவு பூட்டினால் நானும் உன்னோடு வெளியில்தான் நிற்பேன். அதைத் தெரிந்துகொண்டுதான் சொல்கிறேன், பக்கத்திலிருந்து அந்த முகத்தை எடுத்துவிடு. நீ எடுக்காவிட்டால் நானே பதிப்பகத்துக்கு எழுதுவேன். இதை மிரட்டல் என்று எடுத்துக்கொள்ளலாம், அப்படித்தான் எழுதுகிறேன்.

மேடையில் நிற்க ஒரு முகம் வேண்டுமென்றால், நீ தங்கியிருக்கிற அறையின் கண்ணாடி முன்னால் போய் நில். சட்டையைக் கழற்று. ஒரு அந்நியன் உன் வாய்க்குள் விரலை விட்டுப் பல்லைப் பார்க்கிறான் என்று நினைத்துக்கொண்டு, நிமிர்ந்து நின்று, உன்னையே வரை. உன்னால் நிற்க முடிந்தால் அந்த முகத்தைப் போடு, அதைப் போட உனக்கு உரிமை இருக்கிறது. முடியாவிட்டால் மேடையை வெறுமையாக விடு. தொப்பிக்காரர்கள் வெறும் மேடையைப் பார்த்துக்கொண்டு நிற்கட்டும். பிள்ளைகள் கேட்பார்கள், அங்கே நின்றவர் யார் என்று. ஆசிரியர்கள் பதில் சொல்லட்டும்.

இதை எழுதி முடித்ததும் திரும்ப ஓல்னேக்குப் போய்த் தவமணி அக்காவுக்கு முழுவதையும் வாசித்துக் காட்டினேன். அவர் சொன்னது எல்லாம் இதில் இருக்கிறதே, அவர் வேண்டாம் என்றால் கிழித்துவிடத்தான் கொண்டுபோனேன். றஞ்சனும் வாசலில் சாய்ந்து நின்று கேட்டான். அவனைப் பற்றிய இடம் வந்தபோது விலகிப் போவான் என்று நினைத்தேன், போகவில்லை. அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும், தழும்புகள் உடம்பில் எங்கே இருந்தன, எப்படி வந்தன என்று நான் எழுதியிருந்த வரிகளை மட்டும் எடுத்துவிடச் சொன்னார். நான் எழுதியதிலேயே நல்ல வரிகள் அவைதான் என்று எனக்கு ஒரு நினைப்பு இருந்தது. கொஞ்சம் மனம் கொதித்தது. பேனையை வாங்கி அவருக்கு முன்னாலேயே வெட்டினேன். அந்த வரிகள் இல்லாமல்தான் நீ இதை வாசிக்கிறாய்.

அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில்தான் இருப்பார். உன் மாதம் முடிகிறவரை காத்திருக்காதே, அடுத்த விமானத்தில் வா. நான் உன்னோடு வரமாட்டேன், பக்கத்தில் நின்று விரல் காட்டமாட்டேன். தமிழில் கேள். தடுமாறினாலும் தமிழிலேயே கேள். அவர் இல்லை என்று சொல்வார். அதைக் கேட்க வா.